செவ்வாய் துருவம் 60 கெல்வினுக்கு விழுகிறது: உறைபனிக் கணக்கில் உதவி தேவை

நண்பர்களே, கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். அட்சரேகை வாரியாகக் கோளின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிடும் ஆற்றல் சமநிலை மாதிரி இது, பைத்தானில் எழுதியது. பூமிக்கு ஓட்டியபோது கொடைக்கானல் இருக்கும் 10.2 டிகிரியில் கடல்மட்டத்துக்கு 27.6 செல்சியஸ் வந்தது. 2,100 மீட்டர் உயரத்துக்கு, கிலோமீட்டருக்கு 6.5 வீதம் கழித்தால் 14. ஊரின் ஆண்டுச் சராசரியோடு நன்றாகவே பொருந்துகிறது.

செவ்வாயில்தான் சிக்கல். சூரிய மாறிலி (கோளுக்கு வந்து சேரும் சூரிய ஆற்றல்) சதுர மீட்டருக்கு 590 வாட், ஆல்பிடோ (ஒளியைத் திருப்பியனுப்பும் பங்கு) 0.25, சாய்வு 25.2 டிகிரி, 5 டிகிரிக்கு ஒன்றாக 36 பட்டைகள், காலப்படி (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) ஒரு சோல், அதாவது ஒரு செவ்வாய் நாள், வெப்பக் கொள்ளளவு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 10 லட்சம் ஜூல். கோளின் சராசரி 210 கெல்வின், சரி. ஆனால் தெற்கு 87.5 டிகிரிப் பட்டை துருவ இரவு முடிவில் 60 அருகே கிடக்கிறது. நிஜத்தில் 148-க்குப் பக்கத்தில் கரியமில வாயு உறைந்து, சரிவைப் பிடித்து நிறுத்திவிடும்.

கொள்ளளவைப் பத்து மடங்காக்கினேன்: 110 வரைதான் ஏறியது, கோடையும் மங்கிவிட்டது. வெப்பப் பரவலைக் கூட்டினால் காலப்படியை ஒரு மணிநேரமாகக் குறைக்க வேண்டியிருக்கிறது, நடுக்கோடும் குளிர்ந்துவிடுகிறது. 148-இல் வெறுமனே பூட்டினால் இல்லாத ஆற்றல் உள்ளே நுழைகிறது; வசந்தம் வந்ததும் பட்டை உடனே சூடேறுகிறது, பனி நிற்பதே இல்லை.

இப்போது, 148-இல் பட்டை கதிர்வீசி இழக்கும், சதுர மீட்டருக்கு 27 வாட் பற்றாக்குறையை உள்ளுறை வெப்பத்தால் (வாயு உறையும்போது வெளிவிடும் வெப்பம், கிலோவுக்கு 5.9 லட்சம் ஜூல்) வகுத்து, சோலுக்குச் சுமார் 4 கிலோ பனியாகச் சேர்க்கிறேன். பனியின் ஆல்பிடோ 0.6.

பனி தீர்ந்துபோகும் காலப்படியில் மிஞ்சும் ஆற்றலை அதே படியிலேயே வெப்பநிலையில் சேர்த்து ஆல்பிடோவையும் மாற்றுவதா, அல்லது அந்தப் படியை இரண்டாகப் பிரிப்பதா?