கொலுவுக்குக் குறுங்கட்டைகளால் செட்டியார் பொம்மை

கேள்வி (மயிலாப்பூர்): வணக்கம். இவ்வாண்டுக் கொலுவுக்காக, கடை விரித்து அமர்ந்திருக்கும் செட்டியாரையும் அவர் மனைவியையும் லெகோ கட்டைகளால் ஒரு சாண் உயரத்தில் என் மகளும் நானும் கட்டி வருகிறோம். முகம் தட்டையாகவும் தொப்பை படிக்கட்டு போலவும் வருகின்றன. எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி (பெரம்பூர்): அம்மா, எல்லாக் கட்டைகளையும் மேல்நோக்கியே அடுக்குவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் குமிழ் (கட்டைகளை இணைக்கும் சிறு புடைப்பு) உள்ள கட்டைகளை உள்ளே வைத்து, அவற்றின்மீது தகடு எனப்படும் மெல்லிய லெகோ கட்டைகளை முன்புறமாகப் பொருத்துங்கள். தகட்டின் உயரம் 3.2 மி.மீ., குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மி.மீ. என்பதால், ஐந்து தகடுகளின் உயரமும் இரண்டு குமிழ்களின் அகலமும் சரியாக 16 மி.மீ. ஆகின்றன, இந்தக் கணக்குப் பிடிபட்டால் மூக்கு, மீசை, தொப்பை எல்லாம் இடைவெளியின்றி அமையும். இதைப் புரிந்துகொள்ள நான் இரண்டு பொம்மைகளைப் பிரித்துக் கட்டினேன்.

மறுமொழி (அடையாறு): விரலளவு உருவம் போதுமென்றால், ஜப்பானின் கவாடா நிறுவனம் தயாரிக்கும் நானோபிளாக்கைப் பாருங்கள். அதன் மிகச்சிறிய கட்டை 4×4×5 மி.மீ. மட்டுமே. ஆனால் லெகோவுடன் அது பொருந்தாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

மறுமொழி (பெரம்பூர்): இன்னொன்று: சன்னல் வெயிலில் வைக்காதீர்கள். வேட்டிக்கான வெள்ளைக் கட்டைகள் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.