மறு: ஃபோட்டோலித்தோகிராஃபி, ரெசிஸ்ட்: கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

அனைவருக்கும் வணக்கம்.

ஃபோட்டோலித்தோகிராஃபி என்பது ஒளியைக் கொண்டு நுண்ணிய வடிவங்களைப் பதித்துச் சில்லு செய்யும் முறை. அதற்குத் தமிழில் ஒளிக்கல்லச்சு, ஒளியச்சு, ஒளிப்பொறிப்பு என மூன்று சொல் வந்துவிட்டது, சண்டை ஓயவில்லை. இது கேரளத்தில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான கையேடு, அதை மறக்க வேண்டாம். இதற்கான இயந்திரம் விளங்காத ஒன்றல்ல. டிஎல்பி புரொஜெக்டரின் நுண்கண்ணாடிகள் படத்தை உருவாக்கும், மைக்ரோஸ்கோப் லென்ஸ் அதைச் சுருக்கி வேஃபர் (சில்லு செய்யும் சிலிக்கன் தகடு) மேல் விழவைக்கும், வடிவத்தைத் தாங்கிய மாஸ்க் என்ற தகடு தனியாக வேண்டாம். அமெரிக்கர் சாம் செலூஃப் 2018இல் 6 டிரான்சிஸ்டர் கொண்ட சில்லை வீட்டிலேயே செய்து காட்டினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஹேக்கர் ஃபேப் குழு இப்படியொரு இயந்திரத்தின் வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்யும்படி திறந்தே வைத்திருக்கிறது.

எனக்குப் பெரிய சிக்கல் ரெசிஸ்ட் என்ற சொல்தான், ஒளி பட்டால் தன்மை மாறும் படலம் அது. 'ஒளித்தடை' என்று போட்டிருந்தோம். செம்புப் பலகையில் நீல பிலிமை ஒட்டி, புற ஊதா ஒளி காட்டி, சலவைச் சோடாக் கரைசலில் முக்கியபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஒளியைத் தடுத்தா படம் எப்படி சார் விழும்?" நியாயமான கேள்வி. ஒளித்தடையை யாரும் இரண்டாம் வேற்றுமைத் தொகையாகத்தான் ('ஒளியைத் தடுப்பது' என்று) விரிப்பார்கள். ஆனால் அந்தப் பிலிம் தடுப்பது ஒளியை அல்ல, பிறகு செம்பைக் கரைக்க வரும் ஃபெரிக் குளோரைடின் அரிப்பை. ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் கரைந்து செம்பு தெரியும் (பாசிட்டிவ் ரெசிஸ்ட் என்ற இன்னொரு வகையில் இது தலைகீழ்). ஆகவே 'அரிப்புத்தடை' என்கிறேன்.

— கொழிஞ்சாம்பாறை

ஐயா, துருப் பிடிக்காமல் இரும்புக் கதவுக்கு அடிக்கிற பெயின்ட்டும் அரிப்புத்தடைதானே? 'ஒளியுணர் பூச்சு' போதும், வினைத்தொகை, குழப்பமில்லை.

ஒளிக்கல்லச்சில் உள்ள கல்லை ஏன் தள்ளுகிறீர்கள்? லித்தோகிராஃபி என்பது அதைக் கண்டுபிடித்த செனஃபெல்டர் 1796 வாக்கில் சுண்ணாம்புக் கல்லில் அச்சடித்ததால் வந்த பெயர், இப்போது கல் இல்லை என்கிறார்கள். சிலிக்கன் என்ற பெயரே சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கல் அங்கேயேதான் இருக்கிறது. அச்சு மலையாளத்திலும் அச்சுதான், உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் புரியும்.

— செங்கோட்டை

அக்கா, பூச்சை ஏற்கிறேன். கல்லச்சு என்றால் பிள்ளைகள் செங்கல் அறுக்கும் அச்சைத்தான் நினைப்பார்கள். 'ஒளியச்சு' எனக்கும் பிடிக்கும், ஆனால் புத்தகங்களின் முன்பக்கத்தில் கணினி அச்சுக்கோப்புக்கு அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலானோர் சொன்ன ஒளிப்பொறிப்பையே போடுகிறேன், அடைப்பில் ஃபோட்டோலித்தோகிராஃபி என்றும் தமிழெழுத்தில் இருக்கும். தூய்மை பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் நடக்காது.

— கொழிஞ்சாம்பாறை

போடுங்கள் தம்பி. என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும்: பொறிப்பது ஃபெரிக் குளோரைடு, ஒளி எதையும் பொறிப்பதில்லை. ஒளித்தடைக்கு அந்த மாணவி கேட்ட அதே கேள்வி இதற்கும் வரும். அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.

— செங்கோட்டை