சாக்கோ பள்ளத்தாக்கு: கடைசி 13 மைல் மண்சாலை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பூர்வகுடிகள் கட்டிய பழங்காலக் கல் கட்டடங்கள் இருக்கும் சாக்கோ பள்ளத்தாக்குப் பூங்காவுக்கு மே மாதம் ஆர்.வி.யில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். நான், மனைவி, பத்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் என நான்கு பேர். ஏற்பாடுகளுக்கே இரண்டு மாதம் ஆயிற்று. அடுத்து போகிறவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

நெடுஞ்சாலை 550இல் நகீசி என்ற ஊருக்கு மூன்று மைல் தெற்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து பூங்கா 21 மைல். முதல் 8 மைல் தார்ச்சாலை, மீதி 13 மைல் மண்சாலை. பயணத் திட்டம் முழுவதும் இந்த 13 மைலைச் சுற்றித்தான். வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு இடங்களில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டோம். பூங்காவுக்குள் இருக்கும் ஒரே முகாம் காலோ. 35 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே இடம் கிடையாது. நாங்கள் எடுத்தது 25 அடி.

கைப்பேசி காட்டும் வழியை நம்பாதீர்கள். குறுக்கு வழி என்று வேறு மண்தடங்களில் இறக்கிவிடும். சாலையோரப் பலகைகளைப் பார்த்தே போங்கள். தெற்கிலிருந்து வரும் வழி ஆர்.வி.க்கு ஏற்றதல்ல.

மண்சாலையின் கடைசி நாலைந்து மைல் நெளிதகரம் போல இருக்கிறது. மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போனால் வண்டியின் ஒவ்வொரு திருகும் தனித்தனியாகச் சத்தம் போடும். அலமாரிக் கதவுகளைத் துணியால் கட்டியிருந்தோம். ஒன்றை மறந்துவிட்டோம், துவரம்பருப்பு டப்பா விழுந்து திறந்து பருப்பு தரை முழுக்க உருண்டது. கதவிடுக்கு வழியே வந்த புழுதி முகப்பவுடர் போல அதன்மேல் படிந்திருந்தது. குதிரைகளும் ஆடுமாடுகளும் சாலையில் நிற்கும். அவை அங்கே வாழும் நவஹோ பூர்வகுடிக் குடும்பங்களுடையவை. அவை நகரும்வரை காத்திருங்கள்.

முகாமில் மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு எதுவும் இல்லை. அங்கே குழாயில் வருவது குடிக்கும் தண்ணீர் அல்ல. குடிநீரைப் பார்வையாளர் மையத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஆனாலும் தொட்டியை நிரப்பிக்கொண்டு போவதே நிம்மதி. பெட்ரோலும் உணவும் உள்ளே கிடைக்காது. அதே நெடுஞ்சாலையில் இருக்கும் கியூபா (நாடு அல்ல, ஊர்), புளூம்ஃபீல்டு ஆகிய ஊர்களில் ஒன்றில் டேங்கை நிரப்பிவிடுங்கள். இடம் 6,200 அடி உயரத்தில் இருப்பதால் மே மாதத்திலும் இரவில் கம்பளி வேண்டும். விறகு பொறுக்க அனுமதி இல்லை. வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

இவ்வளவும் எதற்கு என்றால், மறுநாள் காலை நாங்கள் பார்த்ததற்காக.

மாமனார் நாற்பது ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்தவர். பெரிய வீடு என்று சொல்லப்படும் புவெப்லோ போனிட்டோவின் பின்சுவர் முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. 600க்கும் மேற்பட்ட அறைகள், சில இடங்களில் நான்கு மாடி; கி.பி. 850 வாக்கில் தொடங்கி முந்நூறு ஆண்டுகள் கட்டியிருக்கிறார்கள். சுவரைத் தொடக்கூடாது என்பதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். “உள்ளே மண்ணும் கல்லும் நிரப்பியிருக்கிறார்கள். இரண்டு முகத்திலும்தான் பொறுக்கியெடுத்த கல். பெரிய கல்லுக்கு இடையில் விரல் நகம் அளவு சில்லு வைத்து இறுக்கியிருக்கிறார்கள், பார். சுண்ணாம்பே இல்லை, வெறும் மண். மாடி ஏற ஏறச் சுவரை ஒடுக்கியிருக்கிறார்கள். கீழே பாரம் தெரிந்து செய்த வேலை” என்றார். கூரைக்கான மரங்கள் 75 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சுஸ்கா மலைகளிலிருந்தெல்லாம் வந்தவை, வண்டியோ இழுக்கும் மாடோ அவர்களுக்கு இல்லை என்று மகள் பலகையைப் படித்துச் சொன்னாள். அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

உள்ளே வாசலுக்குப் பின் வாசலாக அறைகள் போகின்றன. நாங்கள் குனிந்து குனிந்து போனோம். மகள் மட்டும் நிமிர்ந்து நடந்தாள். ஓரத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் பாறைகள் 1941இல் செங்குத்துப் பாறை சரிந்ததில் விழுந்தவை. சுமார் 30 அறைகள் அன்று நொறுங்கிவிட்டன. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான புவெப்லோ மக்களுக்கு இன்றும் இது முன்னோர் வீடு. பானை ஓடு ஒன்று காலடியில் கிடந்தால்கூட எடுக்காமல் விடுங்கள், குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

* * *

உங்கள் பதிவில் மழை இல்லை. நாங்கள் ஆகஸ்டில் போனோம், அதனால் அதை நான் சொல்லியாக வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் அங்கே பிற்பகல் இடிமழை வழக்கம். இரண்டாம் நாள் மாலை அரைமணி நேரம் கொட்டியது. அவ்வளவுதான். மறுநாள் காலை கிளம்பலாம் என்று பார்வையாளர் மையத்தில் கேட்டபோது, இன்று போகாதீர்கள் என்று ரேஞ்சர் (பூங்கா அலுவலர்) சொல்லிவிட்டார். காய்ந்தால் கல்லாக இருக்கும் அந்தக் களிமண் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடுகிறது. கிளம்பிப் போன ஒரு பிக்கப் வண்டி முக்கால் மைலில் குறுக்காகத் திரும்பி நின்றுவிட்டது. அதை இழுத்துவிட வந்த நவஹோ பெரியவர் எங்களிடம், “வெயில் வேலை செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள்” என்றார். ஓடைகளில் வெள்ளம் வந்தால் சாலையையே மூடிவிடுவார்கள்.

ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். விமானத்தைத் தவறவிட்டோம், கழிவுத் தொட்டி நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே திட்டத்தில் கடைசியில் ஒரு வெற்று நாள் வையுங்கள். இரண்டு நாளுக்குக் கூடுதல் அரிசி, பருப்பு, தண்ணீர். அங்கே கைப்பேசிக்கும் எங்களுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் “ஒரு நாள் தாமதமானால் பயப்படாதீர்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் அம்மா அந்த ஒரு இரவு பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கலங்குகிறது.

* * *

அண்ணா, உங்கள் மாமனாரைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்களிடம் 38 அடி ஆர்.வி. இருப்பதால் அதை ஃபார்மிங்டனில் நிறுத்திவிட்டு, காரில் கூடாரத்தோடு போய்க் காலோவில் தங்கினோம். பெரிய வண்டிக்காரர்களுக்கு இதுவே நல்ல வழி. காரிலும் அந்தக் கடைசி மைல்கள் சுலபமில்லை.

சாக்கோ 2013 முதல் இருள்வானப் பூங்காவாக, அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காத இரவு வானமுள்ள இடமாக, அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அமாவாசையை ஒட்டிப் போங்கள். கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கும் வளையச் சாலையைச் சூரியன் மறைந்ததும் மூடிவிடுவார்கள், முகாமில் இருப்பவர்களுக்குத்தான் அந்த வானம் மிச்சம். என் மகனுக்கு ஆறு வயது. கூடாரத்தை விட்டு வெளியே வந்தவன் பால்வெளியைப் பார்த்து, “அம்மா, மேகம் வந்துவிட்டது, மழை வருமா?” என்று கேட்டான். மேகம் இல்லை, எல்லாம் நட்சத்திரங்கள் என்றேன். நம்பாமல், டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு, பாயைத் தானே இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுப் படுத்துக்கொண்டான்.

அக்டோபருக்கு மறுபடியும் பதிவு செய்திருக்கிறோம். இரவில் உறைபனி வரும் என்கிறார்கள். ஆர்.வி.யில் தண்ணீர்க் குழாய் உறையாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? இம்முறை சின்ன வண்டி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறோம், என் அப்பாவும் வருகிறார்.