கெசீத்தோ செய்ய பன்னீர் போடலாமா?

வெண்பா_அம்மா:
போர்ட்டோ ரிக்கோ போனப்போ சான் ஹுவான்ல ஒரு பேக்கரியில காலைச் சாப்பாட்டுக்கு கெசீத்தோ வாங்கினோம். சுருட்டு மாதிரி நீளமா, மேலே பாகு பளபளன்னு, உள்ளே இனிப்பு சீஸ். ஊருக்கு வந்ததுல இருந்து பொண்ணு அதையே கேக்கறா. வீட்டுல செய்ய முடியுமா? பன்னீர் இல்லேன்னா கோவா வைக்கலாமா? நாங்க முட்டை சேர்க்க மாட்டோம்.

மயாகுவெஸ்_வாசி:
தயவுசெஞ்சு ரெண்டுமே வேண்டாங்க. தீவோட மேற்குக் கரையில மயாகுவெஸ்ல பல வருஷம் இருந்தவன் சொல்றேன், கெசீத்தோவோட உயிரே கிரீம் சீஸ்ல இருக்கற லேசான புளிப்பும் உப்பும்தான். பாகு திகட்டாம இருக்கறது அதனாலதான். பன்னீர் சூட்டுல இளகாது, மணல் மணலா நிக்கும். கோவா வெச்சா சோமாஸ் ருசி வந்துடும்.

டப்பாவுல வர்ற, ரொட்டியில தடவற கிரீம் சீஸ் வாங்காதீங்க. அட்டைப் பெட்டியில கட்டியா வர்றதுதான் சரி. அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸ்ல குறைஞ்சது 33 சதவீதம் பால்கொழுப்பு இருக்கணும், அந்தச் செழுமை பன்னீர்ல வராது. 227 கிராம் கட்டிக்குக் கால் கப் சர்க்கரை, கொஞ்சம் வெனிலா. சிலர் மஞ்சள் கரு போடுவாங்க, உங்களுக்கு ஒரு ஸ்பூன் சோள மாவு போதும். கலந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் கெட்டியாக்கிக்குங்க.

மாவு, கடையில விக்கற பஃப் பேஸ்ட்ரி. நாலு அங்குலச் சதுரமா வெட்டி, மூலைக்கு மூலை சீஸை நீட்டமா வெச்சு, மிச்ச ரெண்டு மூலையையும் மேலே மடிச்சு ஒட்டுங்க. ஓவனுக்குப் போற வரைக்கும் சில்லுனு இருக்கணும். மாவு அடுக்குக்கு நடுவுல இருக்கற வெண்ணெய் முன்னாடியே உருகிட்டா, ஆவி கிளம்பி அடுக்கைத் தூக்காது. 200 டிகிரி செல்சியஸ்ல 20-25 நிமிஷம். நல்லா சிவக்கட்டும், வெளுப்பா எடுத்தா அடிப்பக்கம் வேகாம சவசவன்னு இருக்கும்.

பாகு பிசுபிசுப்புப் பதத்துல இருந்தா போதும், கம்பி வரத் தேவையில்லை. தட்டு வெளியே வந்த உடனே, சூட்டோட தடவணும். ஆறினப்புறம் தடவினா அந்தப் பளபளப்பு வரவே வராது.

கொய்யாத்தோப்பு:
சீஸோட கொய்யா சேர்த்தும் அங்கே விப்பாங்க. லத்தீன் அமெரிக்கச் சாமான் விக்கற கடைகள்ல கொய்யா அல்வா மாதிரி கட்டியா கிடைக்கும், மெல்லிசா ஒரு துண்டு வெச்சுப் பாருங்க. எனக்கு அதுதான் ஒரு படி மேல.

சைவம்னா இன்னொண்ணு. அந்த ஊர் பேக்கரிகள்ல பன்றிக் கொழுப்பு புழங்கும், பான் சொபாவோ ரொட்டியில போடறது பழைய வழக்கம். அடுத்த தடவை போனா "மாந்தேகா தெ செர்தோ" இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

வெண்பா_அம்மா:
ரொம்ப நன்றிங்க! இந்த விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமை செய்யப்போறேன். உறைஞ்ச மாவை ராத்திரியே வெளியே எடுத்து வைக்கணுமா?

மயாகுவெஸ்_வாசி:
ராத்திரி ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க, வெளியே வைக்காதீங்க. பாக்கெட்டுல என்ன கொழுப்புன்னும் பாத்துக்குங்க. வெண்ணெய்ல செஞ்சதா இருந்தா ருசி தனி.