செஸ்னாவில் திரும்பும்போது குமட்டல்: விமானப்படை நாற்காலிப் பயிற்சி உதவுமா?

கேள்வி:
செஸ்னா 152 (இரண்டு பேர் அமரும் சிறிய பயிற்சி விமானம்), தனியார் விமானி உரிமத்துக்கான பயிற்சி, இதுவரை 7 மணி நேரம். நேராகப் பறந்தால் ஒன்றுமில்லை. 45 டிகிரி சாய்வுத் திருப்பமும் ஸ்டாலும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கான பயிற்சி) தொடங்கி 20 நிமிடத்தில் வாயில் எச்சில் ஊறி, வியர்த்துக் குமட்டுகிறது. வகுப்பு பகல் 2 மணிக்கு. விமானப்படையில் நாற்காலியில் சுழற்றிப் பழக்குவார்களாமே, வீட்டில் செய்யலாமா? அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு பறக்கலாமா?

பதில் 1:
அவோமின் வேண்டவே வேண்டாம். அது புரோமெதசின், தூக்கம் வரும், கவனம் மங்கும். விமான மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் போடாதீர்கள்.
வகுப்பை விடிகாலைக்கு மாற்றச் சொல்லுங்கள். 2 மணிக்குத் தரை கொதித்து வெப்பக்காற்று மேலெழும். ஆளும் எரிபொருளும் சேர்ந்தே ஏறக்குறைய முக்கால் டன்தான் வரும் 152 அதில் துள்ளத்தான் செய்யும்.

பதில் 2:
நீங்கள் சொல்வது பாராணி நாற்காலி. 1914-இன் மருத்துவ நோபல் பெற்ற ராபர்ட் பாராணியின் பெயர் அது. கண்ணை மூடவைத்துச் சுழற்றி, தலையைச் சாய்க்கச் சொல்வார்கள். மருத்துவக் குழு பக்கத்திலேயே நின்று, அறிகுறி ஏறும்போது நிறுத்தும். வீட்டுச் சுழல் நாற்காலியில் அந்த அளவு பிடிபடாது, விழுந்தும் விடுவீர்கள்.
படையில் பாடத்திட்டம் நாள் குறித்து ஓடுகிறது. வாந்தி நிற்காவிட்டால் மாணவரின் பயிற்சியே போய்விடும், அதனால்தான் தரையிலேயே பழக்குகிறார்கள். உங்களுக்கு அந்தக் கெடு இல்லை, அதைப் பயன்படுத்துங்கள். 20 நிமிடத்தில் குமட்டினால் திருப்பங்களை 12 நிமிடத்தோடு நிறுத்துங்கள். எச்சில் ஊறத் தொடங்கியதுமே பயிற்சியாளரிடம் சொல்லி இறக்கையைச் சமன் செய்யுங்கள். வாந்தி வரை பொறுப்பது வீரம் அல்ல, உடல் பழகவும் உதவாது. சிரமமில்லாமல் போனால் அடுத்த முறை 3, 4 நிமிடம் கூட்டுங்கள். வாரத்துக்கு மூன்று முறையாவது பறக்க வேண்டும். நீண்ட இடைவெளி விட்டால் பழக்கம் கரைந்துவிடும்.

பதில் 3:
திருப்பத்தின் நடுவில் வரைபடம் பார்க்கவோ டிரிம் சக்கரம் (மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்து கன்ட்ரோலின் அழுத்தத்தைக் குறைப்பது) தேடவோ குனிகிறீர்களா? பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் திருப்பத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது தலையைச் சாய்த்தால், உருள்வதுபோல் உணர்வு வரும். வேறு விமானம் இருக்கிறதா என்று திருப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம் கண் தொடுவானத்தில், தலை அசையாமல். பயிற்சியாளர் செய்து காட்டும்போதும் கையைக் கன்ட்ரோல் மேல் லேசாக வையுங்கள். அடுத்த அசைவை மூளை முன்கூட்டியே அறிந்தால் குமட்டல் குறையும்.
வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். காற்றுத் துவாரத்தை முகத்துக்குத் திருப்புங்கள்.

கேள்வி கேட்டவர்:
குனிவது உண்மைதான், டிரிம்முக்காக. மூச்சுப் பயிற்சி உதவுமா?

பதில் 2:
உதவும். நாற்காலிப் பயிற்சியிலும் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். வயிறு உப்பும்படி 4 விநாடி இழுத்து, 6 விநாடி விடுங்கள். தரையிலேயே தினமும் பழகினால்தான் மேலே கைகொடுக்கும். டிரிம் சக்கரத்தை எஞ்சின் அணைத்து நிற்கும் விமானத்தில், கண்ணை மூடி, கைத்தடவலில் கண்டுபிடிக்கப் பழகுங்கள்.