செங்காந்தள் காய்ந்துவிட்டது, கிழங்கைத் தோண்டலாமா?

மண்டபத்து மணல்வீடு:
வேதாளையில் அம்மா வீட்டு வேலியில் உடைமரத்தின் மேலேறிச் செங்காந்தள் ஆண்டுதோறும் பூக்கும். சென்ற ஆவணியில் அங்கிருந்து ஒரு கிழங்கை எடுத்துவந்து வீட்டு முன்மணலில் ஊன்றினேன். ஐப்பசி மழைக்கு முளைத்தது. கார்த்திகையில் ஏழு பூக்கள். பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, சிவப்பாவதைப் பார்க்க என் மகள் விடிந்ததும் வாசலுக்கு ஓடுவாள். தை பிறந்ததும் இலை மஞ்சளித்தது. இப்போது கொடி முழுவதும் சருகு. தினமும் இரண்டு குடம் ஊற்றியும் பயனில்லை. எங்கள் கிணற்று நீர் சற்று உவர்ப்பு. அதுதான் கொன்றுவிட்டதா? தோண்டிப் பார்க்கட்டுமா?

சாயல்குடி அக்கா:
தம்பி, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கொடி சாகவில்லை, உறங்குகிறது. மழை ஓய்ந்தபின் காய்வது அதன் இயல்பு. உப்பின் மேல் பழி போட வேண்டாம். என் முதல் கிழங்கை நானே இப்படித்தான் அழித்தேன். பங்குனி முழுக்க ஊற்றினேன். சித்திரையில் தோண்டியபோது கையில் வந்தது அழுகிய கூழ். இன்றும் மனம் ஆறவில்லை.

பூத்த கிழங்கு சுருங்கிவிடும். அதன் இடத்தில் புதுக் கிழங்கு, கலப்பைபோல் இரண்டு கையோடு உருவாகியிருக்கும். முளை அந்தக் கைகளின் நுனியில்தான் இருக்கிறது. மண்வெட்டி பட்டு நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆகவே தோண்டாதீர்கள். ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், போதும்.

கீழக்கரை தோட்டம்:
வீட்டில் குழந்தை இருப்பதால் சொல்கிறேன். கிழங்கு, விதை, இலை எல்லாமே கொடிய நஞ்சு. அதிலுள்ள கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் வேகவைத்தாலும் போகாது. தொட்டால் கை கழுவுங்கள். ஆடு மேயாதபடி முள் அடையுங்கள்.

மண்டபத்து மணல்வீடு:
தண்ணீரை நிறுத்திவிட்டேன் அக்கா, முள்ளும் அடைத்தாயிற்று. சருகில் ஒரே ஒரு நெற்று வெடித்துச் செம்மணிபோல் விதை தெரிகிறது. ஊன்றலாமா?

சாயல்குடி அக்கா:
கொடுத்துவைத்தவர் நீங்கள்! பூவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் எளிதில் எட்டாது. எங்கள் வீட்டில் கையால் தடவினால்தான் காய் பிடிக்கிறது. விதையை உலர்த்தி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மழைக்கு முன் ஊன்றுங்கள். பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். வேலிக் கிழங்கை மட்டும் இனி எடுக்காதீர்கள், தம்பி. காட்டுக் காந்தளை மருந்துக்காகத் தோண்டியே பல இடங்களில் அரிதாக்கிவிட்டார்கள்.