அப்பாவின் பதிவு உயில்: புரொபேட் தேவையா, பட்டா எப்படி மாற்றுவது, வரி உண்டா?

குடமுருட்டிக்கரை கேட்டது:

அப்பா தை மாதம் காலமானார். அவர் பெயரில் இருப்பவை: பாபநாசம் தாலுகாவில் நஞ்சை நாலரை ஏக்கர், கும்பகோணத்தில் ஒரு வீடு, வங்கியில் 11 லட்சம் வைப்புத்தொகை (நாமினி நான்). கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் 1 லட்சம் பாக்கி நிற்கிறது. நிலத்தில் இரண்டரை ஏக்கர் அப்பா 1978-ல் கிரயம் வாங்கியது. மீதி இரண்டு ஏக்கர் 1969-ல் தாத்தாவும் பிள்ளைகளும் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் அப்பா பங்குக்கு வந்தது.

2014-ல் உயில் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறார். வீடு அம்மாவுக்கு, நிலம் முழுதும் எனக்கும் தம்பிக்கும், அக்காவுக்கு நகைகளும் ரொக்கம் 3 லட்சமும். வங்கிப் பணத்தைப் பற்றி உயிலில் ஒன்றும் இல்லை. உயிலை நிறைவேற்ற யாரையும் நியமிக்கவும் இல்லை. அக்காவுக்கு 1986-ல் கல்யாணம் ஆனது. தம்பி அமெரிக்கக் குடிமகன்.

புரொபேட் (உயிலை நீதிமன்றம் உறுதிசெய்து தரும் சான்று) வாங்க வேண்டுமா? நாமினி என்பதால் வங்கிப் பணம் எனக்கா? வாரிசு வரி ஏதாவது கட்ட வேண்டுமா? வக்கீலிடம் என்னென்ன எடுத்துப் போவது?

சிவில்பக்கம் பதில்:

முதல் கேள்விக்கு நேரான பதில்: வேண்டியதில்லை. இந்து ஒருவர் எழுதிய உயிலுக்கு புரொபேட் கட்டாயம் என்பது சென்னை, மும்பை, கொல்கத்தா எல்லைகளைச் சார்ந்த பழைய விதி. அதாவது சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் மனை, வீட்டைப் பற்றிய உயிலுக்கும். தஞ்சாவூர் மாவட்டத்தில் எழுதி, தஞ்சாவூர் மாவட்டச் சொத்தைப் பற்றிய உயிலுக்கு அது எப்போதுமே பொருந்தியதில்லை. அந்தக் கட்டாயத்தை விதித்த 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

கட்டாயம் இல்லை என்பதால் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உயில் உண்மையா என்று யாராவது கிளப்பக்கூடும் என்று தோன்றினால் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம். நிறைவேற்றுபவர் நியமிக்கப்படாததால் உங்களுக்குக் கிடைப்பது புரொபேட் அல்ல, உயில் இணைத்த நிர்வாக உரிமை ஆவணம். மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். எல்லா வாரிசுகளுக்கும் நோட்டீஸ் போகும், பத்திரிகை விளம்பரம் வரும். ஒருவர் ஆட்சேபித்தாலும் மனு வழக்காக மாறிவிடும்.

அந்த நீதிமன்றம் உயில் ஒழுங்காக எழுதப்பட்டதா என்பதை மட்டும்தான் பார்க்கும். எழுதியவருக்கு அந்தச் சொத்து சொந்தமா என்பதைத் தொடாது. உங்கள் விஷயத்தில் சிக்கல் இருப்பதே அங்கேதான்.

1978-ல் கிரயம் வாங்கிய இரண்டரை ஏக்கரை அப்பா யாருக்கும் எழுதலாம். பாகப்பிரிவினையில் வந்த இரண்டு ஏக்கர் அப்படியல்ல. 1969 பத்திரத்தின் ஆரம்ப வரிகளை முதலில் வாசியுங்கள். ‘பிதுரார்ஜிதம்’, ‘பூர்வீகம்’ என்று இருந்தால் அது கூட்டுக்குடும்பச் சொத்து, பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. தாத்தாவின் சுயசம்பாத்தியத்தைப் பிரித்ததாக இருந்தால் கணக்கு வேறு.

பூர்வீகம் என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கும் பங்கு உண்டு. 1986 கல்யாணம் 1989-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தத்தின்படி தடையாக இருந்தது, உண்மை. அந்தச் சட்டம் 25-3-1989-க்கு முன் மணமான பெண்களை விலக்கியது. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அப்படி விலக்கவில்லை. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மகளுக்குப் பிறப்பால் உரிமை என்று உறுதி செய்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே 20-12-2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ நீதிமன்றத் தீர்ப்பின்படியான பாகப்பிரிவினையோ இருந்தால் கதவு மூடும். நீங்கள் சொல்வதில் அப்படி எதுவும் இல்லை.

ஆக 200 செண்டில் அப்பா, அக்கா, நீங்கள், தம்பி நால்வருக்கும் ஆளுக்கு 50 செண்ட், சுமார் ஒன்றரை மா. அப்பாவின் 50 செண்டுக்கு மட்டுமே உயில் செல்லும். அக்காவின் 50 செண்டை அந்த உயில் தொட முடியாது. ‘நிலம் முழுதும்’ என்ற வார்த்தையை நம்பி நீங்கள் விற்றால், அக்காவோ அவர் பிள்ளைகளோ போடும் பாகவழக்கில் வாங்கியவரும் எதிர்வாதியாக நிற்பார்.

இன்னொன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவான உயில் என்பதாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து, ‘அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், அவர் முன்னால் நானும் போட்டேன்’ என்று சொல்ல வேண்டும். பத்திர எழுத்தரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. இருவரும் இறந்துவிட்டால் கையெழுத்து அடையாளத்தை வைத்துத்தான் போராட வேண்டும். சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள், எத்தனை வயது என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

நிலவரி_ஓய்வு பதில்:

பட்டா பக்கம் நான் சொல்கிறேன். இறப்புச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மூலம் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அதில் அம்மா, அக்கா, தம்பி, நீங்கள் நால்வர் பெயரும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் என்று தம்பியை விட்டுவிடச் சொல்லும் இடைத்தரகர்கள் உண்டு. விடாதீர்கள், பின்னால் சான்றிதழே ரத்தாகும்.

அடுத்து சர்வே எண். பழைய பத்திரங்களில் 80-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய எண் இருக்கும், சிட்டாவில் புதிய எண்ணும் உட்பிரிவும் இருக்கும். 2014 உயிலை எழுதியவர் பழைய கிரயப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தால், மனு ‘எண் பொருந்தவில்லை’ என்று திரும்பும். உயிலின் சொத்து விவரம், சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணும் பரப்பும் சரிபாருங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் வரும். 1969 பத்திரத்தின் நகலுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுக்க வேண்டும்.

உயிலை மட்டும் வைத்துப் பட்டா கேட்டால் மற்ற வாரிசுகளை விசாரிப்பார்கள். ஒருவர் எழுத்தில் ஆட்சேபித்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள், தாசில்தார் உயிலின் செல்லுபடியை முடிவு செய்ய மாட்டார். அதுவரை நால்வர் பெயரில் கூட்டுப் பட்டா வாங்கி வைப்பது நல்லது. பட்டா இறந்தவர் பெயரிலேயே கிடந்தால் அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு சிட்டா அடங்கல் கொடுக்கும்போது இழுபறி வரும்.

வரவுசெலவு பதில்:

நாமினி என்றால் வங்கி உங்கள் கையில் பணத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். சொந்தம் வாரிசுகளுக்கு. நாமினி இருக்கும்போது வங்கி உங்களிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய பணத்துக்கு நீங்கள் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

உயில் தொடாத சொத்து என்பதால் அந்த 11 லட்சத்திலிருந்துதான் கடனும் ரொக்க ஒதுக்கீடும் முதலில் போகும். ஈமச்செலவு கழித்து, பயிர்க்கடன் 1 லட்சம், அக்காவுக்கு 3 லட்சம். ஈமச்செலவைக் குடும்பம் வேறு பணத்தில் பார்த்துக்கொண்டால் மீதி 7 லட்சம். அம்மா, மூன்று பிள்ளைகள், ஆளுக்கு 1.75 லட்சம். நகைகளை எண்ணிப் பாருங்கள். சங்கத்தில் அடகில் இருந்தால் மீட்கும் பணம் யாருடையது என்ற பேச்சு வரும். உயிலில் வேறு மாதிரி சொல்லாதவரை பெறுபவரே மீட்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் வாரிசு வரி இல்லை. 1953-ஆம் ஆண்டு எஸ்டேட் வரிச் சட்டம் 16-3-1985 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. வந்த சொத்து வருமானமாகவும் கணக்கில் வராது. இரண்டு கடமைகள் மட்டும் உண்டு. ஏப்ரல் முதல் இறந்த நாள் வரையிலான அப்பாவின் வருமானத்துக்கு, வருமானவரி இணையதளத்தில் சட்ட வாரிசாகப் பதிவு செய்து நீங்கள் ரிட்டர்ன் போட வேண்டும். அதன் பிறகான வட்டி அப்பாவுடையது அல்ல. அவருடைய பான் எண்ணிலேயே வரி பிடித்தம் தொடர்ந்தால் திரும்ப வாங்குவது தலைவலி, வங்கியில் உடனே தெரிவியுங்கள்.

வரி வருவது விற்கும்போது. வீட்டுக்கு அப்பாவின் அடக்கவிலையே உங்கள் அடக்கவிலை. 2001-க்கு முன் வாங்கியது என்றால் 1-4-2001 அன்றைய சந்தை மதிப்பை எடுக்கலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அதனால் பழைய வழிகாட்டி மதிப்பை இப்போதே எடுத்து வையுங்கள். கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் ‘கிராமம்’ என்பது வருவாய்த் துறைக் கணக்கு அல்ல: ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கும்பகோணத்தின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் வரி உண்டு. 10,000-க்கு மேல் மக்கள் உள்ள சிறிய ஊர் என்றால் 2 கிலோமீட்டர். பேரூராட்சியும் இதில் வரலாம்.

தம்பிக்கு: வாரிசாக விவசாய நிலம் பெறத் தடை இல்லை. விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். வரி விதிக்கப்படும் சொத்தை விற்றால், அவர் பங்குப் பணத்தில் வாங்குபவர் வரி பிடிக்க வேண்டும், 50 லட்சத்துக்குக் கீழே விலக்கு என்பது அவருக்குப் பொருந்தாது. வாரிசாகப் பெற்றதற்கு அமெரிக்காவில் வரி வராது. ஆனால் ஒரே ஆண்டில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் அமெரிக்க வரித்துறையிடம் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும், நிலத்தின் மதிப்பும் சேரும். விட்டால் அபராதம் பெறுமதியில் 25 சதவீதம் வரை போகும்.

குடமுருட்டிக்கரை:

மிக்க நன்றி. அக்காவுக்கு 50 செண்ட் கொடுத்துவிடலாம் என்று அம்மாவும் சொல்கிறார். அதை எப்படி எழுதுவது? தம்பி நேரில் வர முடியாது.

சிவில்பக்கம் பதில்:

நல்ல முடிவு. நால்வரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதியுங்கள், உயிலையும் 1969 பத்திரத்தையும் அதில் குறிப்பிட்டு, ஒவ்வொருவர் பங்குக்கும் நான்கெல்லையும் உட்பிரிவும் போட்டு. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை பங்குக்கு 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. நில அளவையருக்கு முன்பே விண்ணப்பித்து, எந்தப் பக்கம் பாசன வாய்க்கால், எந்தப் பக்கம் வண்டிப் பாதை என்று பார்த்துப் பிரியுங்கள். மடை ஒருவர் பங்குக்குள் விழுந்தால் மற்றவருக்குத் தண்ணீர் விடும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அக்காவைத் தனி வக்கீலிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். உங்கள் வக்கீலே இருவருக்கும் பார்த்தால் பின்னால் ‘எனக்குச் சொல்லாமல் வாங்கினார்கள்’ என்ற வாதம் எழும்.

தம்பி அங்கே நோட்டரி முன் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்கியோ, இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றோ அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சான்று. பத்திரம் பதியும் நாளில் தம்பிக்கு 30 நாளுக்குள் வாங்கிய உயிர்வாழ் சான்றும் கேட்பார்கள், அதைக் கடைசியில் வாங்கச் சொல்லுங்கள்.